முட்டையை விட்டும் கொலஸ்ட்ரால் இறங்கலையே!

கேள்வி: மூணு மாசமா முட்டை மஞ்சக்கருவை கண்ணெடுத்தும் பாக்கலைங்க, ரிப்போர்ட்ல எல்.டி.எல்ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் அப்படியே நிக்குது. அப்போ நான் ஏன் வாயைக் கட்டணும்?

பதில்: கோவம் நியாயம்தான். ஒரு மஞ்சக்கருவுல கிட்டத்தட்ட 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கு, ஆனா உடம்பு தானாவே ஒரு நாளைக்கு சுமார் 1 கிராம் செஞ்சுக்குது, லிவர் மட்டும் இல்ல, அநேகமா எல்லா செல்லுக்கும் இந்த வேலை தெரியும். மூளை ரத்தத்துல வர்ற கொலஸ்ட்ராலை வாங்குறதே இல்ல, தனக்கானதை தானே செஞ்சுக்கும், அவ்ளோ ரோஷம். நீங்க சாப்பாட்டுல குறைச்சா உள்ள தயாரிப்பு ஏறிடும், அதனாலதான் முட்டையை மட்டும் விட்டா பலருக்கு பெருசா ஒண்ணும் மாறுறதில்ல.

நம்பரை முடிவு பண்றது எவ்ளோ உள்ள வருதுங்கிறதை விட லிவர் அதை எவ்ளோ வேகமா ரத்தத்துலேர்ந்து அள்ளுதுங்கிறதுதான். லிவர் செல்லோட மேல் தோல்ல எல்.டி.எல் ரிசப்டர்னு ஒரு புரதம் நீட்டிக்கிட்டு இருக்கும், கொலஸ்ட்ராலைச் சுமந்துக்கிட்டு போற வர்ற எல்.டி.எல் உருண்டையைப் புடிச்சு உள்ள இழுக்கும், உள்ள கொஞ்சம் புளிப்பான ஒரு பை, அதுல உருண்டையைக் கழட்டி விட்டுட்டு ரிசப்டர் மட்டும் திரும்ப மேல வந்துரும், ஒரு சுத்துக்கு சுமார் 10 நிமிஷம். செல்லுக்குள்ள கொலஸ்ட்ரால் குறைஞ்சா எஸ்.ஆர்.இ.பி.பி-2ங்கிற புரதம் வெட்டுப்பட்டு நியூக்ளியஸுக்குப் போய் 'நீயும் தயாரி, வெளியிலேர்ந்தும் அள்ளு'ன்னு ரெண்டு உத்தரவையும் சேர்த்தே போடும். இந்த ரிசப்டரைக் கண்டுபுடிச்ச பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985ல நோபல் கிடைச்சுது.

வெண்ணெய், கொழுப்புக் கறி மாதிரி சாச்சுரேட்டட் கொழுப்பு அதிகமானா இந்த ரிசப்டர் வேலை மந்தமாகும். முட்டையை விட்டுட்டு வெண்ணெயை விடலைன்னா என்ன பிரயோஜனம் சொல்லுங்க! தைராய்டு குறைஞ்சாலும் எல்.டி.எல் ஏறும், அதையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிருங்க. வீட்டுல யாருக்காவது சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்திருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, ரிசப்டரே பரம்பரையா பழுதா இருக்கலாம்.

கேள்வி: நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால்னு ரெண்டு வகையா இருக்கு?

பதில்: சரக்கு ஒண்ணுதான், வண்டிதான் வேற. எண்ணெய்ப் பசை ரத்தத்துல கரையாதில்ல, அதனால புரத உறை போட்டு அனுப்புறாங்க. எல்.டி.எல் லிவர்லேர்ந்து கிளம்பின வி.எல்.டி.எல்ங்கிற பெரிய வண்டி கொழுப்பை இறக்கினப்புறம் மிஞ்சுற வண்டி, அது அதிகமா சுத்துனா ரத்தக்குழாய் சுவருக்குள்ள நுழைஞ்சு சிக்கிக்கும். நல்ல கொலஸ்ட்ரால்னு சொல்ற ஹெச்.டி.எல் மிச்சத்தை லிவருக்கு திருப்பி ஏத்திட்டு வரும். அங்க பித்தநீரா மாறி குடலுக்கு இறங்கும், அதுலயும் 95 சதவீத பித்த அமிலம் குடல் கடைசியில உறிஞ்சப்பட்டு லிவருக்கே திரும்பிடும், நம்ம உடம்போட கஞ்சத்தனத்துக்கு அளவே இல்ல.

கேள்வி: கொலஸ்ட்ராலைக் குறைக்கிற ஸ்டாட்டின் மாத்திரையை ஏன் ராத்திரி போடச் சொல்றாங்க?

பதில்: தயாரிப்போட வேகத்தை நிர்ணயிக்கிற ஹெச்.எம்.ஜி கோஏ ரிடக்டேஸ்ங்கிற என்சைமைத்தான் ஸ்டாட்டின் அமுக்குது, ராத்திரிதான் தயாரிப்பு ஜாஸ்தி. சிம்வாஸ்டாட்டின் சீக்கிரம் உடம்பை விட்டுப் போயிரும், அதான் ராத்திரி. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின்னா ரொம்ப நேரம் நிக்கும், காலையில போட்டாலும் பரவால்ல, எந்த நேரம்னாலும் தினமும் அதே நேரமா போடுங்க.