சுரங்கம் வேண்டாம், ஜன்னலைத் திறங்கள்

கேள்வி: மதுரை வில்லாபுரத்தில் 14 பேர் கொண்ட மெல்லிசைக் குழு நடத்துகிறேன். கொரோனா போன்ற தொற்று பரவும் இந்த நேரத்தில் ஏ.சி. மண்டபத்தில் வரவேற்புக் கச்சேரி வந்திருக்கிறது. கிருமிநாசினிச் சுரங்கம் (உள்ளே நடப்பவர் மேல் மருந்து தெளிக்கும் கூண்டு), புகையடிப்பு, சான்றிதழ் எல்லாம் சேர்த்து ஏஜென்ட் ஒருவர் பேக்கேஜ் தருகிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஆள் மேல் மருந்து தெளிக்க வேண்டாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. மூச்சில் வரும் கிருமியைச் சட்டை மேல் அடிக்கும் மருந்து எப்படித் தடுக்கும்? அதில் தெளிக்கும் ஹைப்போகுளோரைட் என்ற பிளீச்சிங் மருந்து பாடகரின் தொண்டையை எரிக்கும், மைக் ஜாக்கைத் துருவேற்றும். அந்தச் சான்றிதழ் வெறும் காகிதம்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது காற்றைப் பற்றி. 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சேர்ந்திசைக் குழுவின் 61 பேர் இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தார்கள். 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள். வாய் திறந்து பாடும்போது நுண்துளிகள் நிறைய வெளியேறும், அடைத்த அறையில் வெகுநேரம் மிதக்கும். ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவராது, உள்ளே இருப்பதையே சுற்றிவிடும்.

ஆகவே ஏ.சி.யை நிறுத்தி ஜன்னல்களைத் திறக்கச் சொல்லுங்கள். மேடைக்குப் பின்னால் ஜன்னல் இருந்தாலும் பூ அலங்காரமும் ஃபிளெக்ஸும் கட்டி மறைத்துவிடுவார்கள். அலங்காரக்காரரிடம் முன்கூட்டியே பேசி அந்த இடத்தை விடச் சொல்லுங்கள். பெடஸ்டல் ஃபேனை அந்த ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். பாடகர் முதுகுக்குப் பின்னால் ஃபேன் வைத்துக் கூட்டத்தின் மேல் ஊதவிடுவதுதான் எல்லா மண்டபத்திலும் நடக்கும் தப்பு. பாடகர் நிற்கும் இடத்தில் ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள். புகை ஜன்னல் பக்கம் போக வேண்டும், நாற்காலிகள் பக்கம் வந்தால் ஃபேனை மாற்றுங்கள்.

பாடகர்களுக்கு இடையே 2 மீட்டர், முதல் வரிசைக்கு 4 மீட்டர் விடுங்கள். சாக்ஸஃபோனும் புல்லாங்குழலும் அந்த ஜன்னலோரம். கீபோர்டு, தபேலா, ரிதம் பேட் வாசிப்பவர்கள் என்95 முகக்கவசம் போடட்டும். அரை மணி பாட்டு, கால் மணி ஓய்வு.

மைக்கைக் கைமாற்றாதீர்கள், பெயர் எழுதி டேப் ஒட்டுங்கள். கம்பி வலைத் தலையைக் கழற்றி, உள்ளே உள்ள ஸ்பாஞ்சோடு சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். மைக்கில் நேராக சானிடைசர் அடித்தால் ஈரம் டயஃப்ரத்தில் (ஒலியை வாங்கும் மெல்லிய சவ்வு) இறங்கிக் கெட்டுவிடும்.

திறந்தவெளி கிடைத்தால் மிக நல்லது. ஆனால் ஷாமியானாவில் மூன்று பக்கமும் படுதா கட்டினால் அது திறந்தவெளி ஆகாது, மண்டபம்தான். வெயிலுக்கும் பார்வைக்கும் என்று கட்டத்தான் பார்ப்பார்கள். குறைந்தது எதிரெதிரான இரண்டு பக்கம் தரையிலிருந்து கூரைவரை திறந்திருக்க வேண்டும். மேலே மட்டும் ஒரு முழம் விட்டால் போதாது. நாலாவது பக்கத்தில் மேடைத் தட்டி அடைத்துக்கொள்கிறது என்றால் மேடைக்கு இடமும் வலமும் உள்ள இரண்டு படுதாக்களையும் அவிழ்த்தே ஆக வேண்டும்.

கொரோனா காலத்தில் அனுமதிக்குப் போனால் வாசலில் சானிடைசர் பாட்டில் உண்டா, தரையில் வட்டம் போட்டாயா என்றுதான் கேட்டார்கள். ஜன்னல் திறக்குமா என்று ஓர் அதிகாரி கேட்டிருந்தால் எத்தனை பேர் தப்பித்திருப்பார்கள்! அவர்கள் கேட்காவிட்டாலும் ஒப்பந்தத்தில் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்: ஜன்னல் திறந்தால்தான் கச்சேரி, காய்ச்சல் கண்ட கலைஞருக்கு மாற்று ஆள், வராமல் நின்ற அந்தக் கலைஞருக்கும் பாதிச் சம்பளம். சம்பளம் போய்விடும் என்று பயந்துதான் காய்ச்சலை மறைத்து மேடையேறுகிறார்கள்.