எச்.ஆரிடம் சொன்னது மேலாளர் காதுக்குப் போய்விட்டதா?

தோழி, மேலாளரின் இரட்டை அர்த்தப் பேச்சைப் பற்றி எச்.ஆரிடம் தனியாகச் சொன்னேன், அன்று மாலையே அவர் முறைக்கத் தொடங்கிவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் எட்டு வருடம் எச்.ஆரில் இருந்தவள்தான். "கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க, நான் பேசிக்கறேன்" என்று நானே சொல்லியிருக்கிறேன்; இப்போது நினைத்தால் கூசுகிறது. எங்களுக்குச் சம்பளம் தருவது நிறுவனம். அதன் பெயர் கெடாமல்தான் முதலில் பார்ப்போம்.

உங்கள் புகார் போகவேண்டிய இடம் எச்.ஆர் மேசையே இல்லை. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண், ஒருவர் வெளியாள். காபி மெஷின் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை.

கடைசிச் சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், பக்கத்தில் யார் இருந்தார்கள், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேருங்கள். ஆபீஸ் மெயிலில் மட்டும் வைத்திருக்காதீர்கள், ஒரே நாளில் முடக்கிவிடுவார்கள். விசாரணை முடியும்வரை இடமாற்றமோ விடுப்போ வேண்டும் என்றும் எழுதிக் கேளுங்கள், கேட்காமல் தரமாட்டார்கள்.

அப்புறம், ராஜினாமா கடிதம் மட்டும் இப்போது எழுதாதீர்கள்.