முட்டைக்கோஸும் தெள்ளுப்பூச்சியும்

கேள்வி: பிரெஞ்சுக்காரர்கள் காதலியை 'என் முட்டைக்கோஸே' என்றும், பெற்ற மகளை 'என் தெள்ளுப்பூச்சியே' என்றும் கொஞ்சுகிறார்களாம். இதைப் போய்க் காதலுக்கென்றே பிறந்த மொழி என்று கொண்டாடுகிறார்களே, சரிதானா?
– வாசகர், திருச்சி

பதில்: அகராதியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சலை எடைபோட்டால் எந்த மொழியும் தேறாது. நம் மொழியும்தான். மூன்று வயது மகளிடம் 'சாப்பிட்டாயா அம்மா?' என்று கேட்கிறார் ஓர் அப்பா. பாரிஸில் ஒருவர் அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துப் பார்த்துவிட்டு, 'மகளைத் தாய் என்கிறாரே!' என்று சிரித்தால் உங்களுக்கு வலிக்காதா?

'மோன் ஷூ' என்பதில் வரும் 'ஷூ' முட்டைக்கோஸ்தான். ஆனால் அதே பெயரில் அங்கே ஒரு பலகாரமும் உண்டு. தண்ணீரையும் வெண்ணெயையும் கொதிக்கவிட்டு, மாவைக் கொட்டிக் கிளறி, முட்டை அடித்துச் சேர்த்து, சின்னச் சின்ன உருண்டைகளாகச் சுடுவார்கள். மாவின் ஈரம் ஆவியாகி உருண்டையை உப்ப வைக்கும். உள்ளே கூடாகிப் பொன்னிறமாக வந்ததும் கிரீமை நிரப்புவார்கள். பார்க்கக் குட்டி முட்டைக்கோஸ் போலவே இருக்கும். கல்யாண விருந்தில் இவற்றைக் கோபுரமாக அடுக்கிச் சர்க்கரைப் பாகால் ஒட்டி வைப்பதும் வழக்கம். ஆண் குழந்தை முட்டைக்கோஸுக்குள் பிறக்கும், பெண் குழந்தை ரோஜாவுக்குள் பிறக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பழங்கதையும் அவர்களிடம் இருக்கிறது. இதையெல்லாம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்தச் சொல் காய்கறிக் கடையை நினைவூட்டுமா? இன்று 'அந்தக் குழந்தை எவ்வளவு ஷூ!' என்றால் 'எவ்வளவு அழகு!' என்றே பொருள்.

'மா ப்யூஸ்' தெள்ளுப்பூச்சி. கைக்குள் அடங்காமல் துள்ளும் பொடிசு. நாம் 'வாண்டு' என்பதில்லையா, அப்படித்தான்.

நீங்கள் வியந்திருக்க வேண்டிய இடம் வேறு. 'ஜ தெம்' என்றால் 'உன்னைக் காதலிக்கிறேன்'. அதோடு 'நன்றாக' என்று பொருள்படும் 'பியேன்' என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். காதல் கூடவேண்டும் அல்லவா? குறைந்துவிடுகிறது! 'ஜ தெம் பியேன்' என்றால் 'உன்னைப் பிடிக்கும்', அவ்வளவுதான், நண்பனிடம் சொல்வது. 'மிகவும்' என்று பொருள்படும் 'போக்கு'வைச் சேர்த்தாலும் அதே கதிதான். காதலைச் சொல்லி, பதிலுக்கு அந்த ஒட்டுச் சொல்லோடு வாங்கிக்கொண்டவரின் மனம் என்ன பாடுபடும் என்பதை எந்த அகராதியும் சொல்லாது. எதையும் ஒட்டவைக்காமல் சொல்வதே அங்கே முழுமையான காதல். அந்த நுட்பத்தை விட்டுவிட்டு முட்டைக்கோஸைப் பிடித்துக்கொண்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

பிரிவையும் அவர்கள் சொல்லும் விதம் தனி. 'த்யூ ம மாங்க்' என்பார்கள். 'நீ எனக்குக் குறைகிறாய்' என்று பெயர்க்கலாம். அந்த வாக்கியத்தில் எழுவாயாக நிற்பவர் ஏங்குகிறவர் அல்லர், தூரத்தில் இருப்பவர். வெளியூரில் படிக்கும் மகளுக்கு ஒரு தாய் அதை எழுதி, அதன் பக்கத்திலேயே 'என் தெள்ளுப்பூச்சியே' என்றும் எழுதுவாள். படிக்கும் பெண்ணுக்குக் கண் கலங்கும்; பூச்சியின் ஞாபகம் வராது.