வெடிமருந்துக் கப்பல்கள்: மவுண்ட் ஹூட் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் போர்க்கப்பல்களுக்குக் குண்டுகள் கொண்டுபோன கப்பல்கள் தனி வகையாகக் கட்டப்பட்டவையா?

பதில்: பெரும்பாலும் சரக்குக் கப்பலின் உடல்தான். அதில் கிடங்குகளையும் தூக்குக் கருவிகளையும் வெடிமருந்துக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கக் கடற்படையில் இவற்றுள் பலவற்றுக்கு லாசன், ஷாஸ்டா, ரெய்னியர், மௌனா லோவா என்று எரிமலைகளின் பெயர்களை வைத்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு கப்பல்களின் பெயர்கள் நைட்ரோ (வெடிமருந்தை நினைவூட்டுவது), பைரோ (நெருப்பைக் குறிப்பது). பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும், ஆனால் அதில் ஏறிப் போனவர்கள் அதை ரசித்திருப்பார்களா என்பது வேறு விஷயம். ஆரெகான் மாநிலத்து எரிமலையின் பெயரைத் தாங்கிய மவுண்ட் ஹூட், வட கரோலினாவின் வில்மிங்டனில் மார்கோ போலோ என்ற சரக்குக் கப்பலாகக் கட்டத் தொடங்கப்பட்டு, 1943 நவம்பரில் நீரில் இறக்கப்பட்டு, 1944 ஜூலை 1 அன்று கடற்படைப் பணியில் சேர்ந்தது.

கேள்வி: நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்தவன். குண்டுகளை அடுக்குவதிலும் இறக்குவதிலும் என்ன வேறுபாடு இருந்தது என்று விளக்க முடியுமா, ஐயா?

பதில்: தங்கள் தொழில் அனுபவத்துக்கு இது எளிதில் விளங்கும். சாதாரணச் சரக்கில், கடைசித் துறைமுகத்தில் இறங்க வேண்டியதை அடியில் போட்டு, முதலில் இறங்க வேண்டியதை மேலே வைப்பீர்கள். இங்கே எந்தக் கப்பல் எப்போது வந்து எதைக் கேட்கும் என்பதே தெரியாது. ஒரு நாசகாரிக் கப்பல் 25 கிலோ எடையுள்ள 5 அங்குலக் குண்டுகளைக் கேட்கும்; அடுத்து வரும் பெரிய போர்க்கப்பலோ 16 அங்குலக் குண்டுகளைக் கேட்கும். கவசத்தைத் துளைக்கும் அந்தக் குண்டு ஒன்றின் எடை 1,225 கிலோ; அதை ஒரு முறை சுடுவதற்கு, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 கிலோ கொண்ட ஆறு மருந்து மூட்டைகள் வேண்டும். ஆகவே எல்லா வகையும் எந்நேரமும் கைக்கு எட்டும்படியும், அதே சமயம் அலையில் ஒன்றும் உருளாதபடியும் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து இறுக்கி அடுக்க வேண்டியிருந்தது. வேலை நடக்கும்போது கொடிமரத்தில் சிவப்புக் கொடி ஏறும், புகை பிடிக்கக் கூடாது என்று அறிவிப்பு வரும். வின்ச் என்னும் சுமை தூக்கும் பொறியை இயக்குபவரின் கண் முழுவதும் பக்கத்தில் கட்டியிருக்கும் படகின் மேல்தான் இருக்கும்; தொங்கும் சுமை இறங்குகிற நொடியில் அலை படகைத் தூக்கிவிட்டால், குண்டு இறங்காது, மோதும்.

கேள்வி: போர் நடக்கும் இடத்திற்கே இவை சென்றனவா?

பதில்: தொடக்கத்தில் பசிபிக் பெருங்கடலின் மானஸ், உலித்தி போன்ற தீவுகளின் அமைதியான நீர்ப்பரப்பில் இவை நங்கூரமிட்டு நிற்க, போர்க்கப்பல்கள்தாம் தேடி வந்தன. உலித்தியிலிருந்து ஜப்பானின் ஓக்கினாவா தீவு ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். குண்டு தீர்ந்த கப்பல் ஒவ்வொரு முறையும் அவ்வளவு தூரம் திரும்பி வந்தால் போரிடும் நாள்கள் வீணாகும். இதனால்தான் 1945 பிப்ரவரியில் ஜப்பானின் ஈவோ ஜீமா தீவுப் போரின்போது, ஷாஸ்டா நடுக்கடலில் ஓடிக்கொண்டே, பக்கவாட்டில் ஓடும் போர்க்கப்பலுக்குக் கயிறு கட்டிக் குண்டுகளை அனுப்பும் முறையைக் கையாண்டது. எண்ணெயைக் குழாய் வழியே கொடுப்பது அதற்கு வெகு முன்பே பழகிய கலை. உருண்டு விழக்கூடிய, விழுந்தால் வெடிக்கக்கூடிய பொருளுக்கு அதைப் பழக்குவதில்தான் தாமதமாயிற்று.

கேள்வி: மவுண்ட் ஹூட்டுக்கு என்ன ஆயிற்று?

பதில்: அது பனாமா கால்வாய் வழியாக வந்து, 1944 செப்டம்பர் 22 அன்று, பப்புவா நியூ கினியைச் சேர்ந்த மானஸ் தீவின் சீயாட்லர் துறைமுகத்தை அடைந்தது. நவம்பர் 10 காலை எட்டரை மணியளவில், தகவல் தொடர்பு அதிகாரி ஒருவரும் 17 மாலுமிகளும் படகில் கரைக்குப் போனார்கள். 8.55க்கு அவர்கள் கடற்கரையில் நடந்துகொண்டிருக்கையில் துறைமுகத்தில் ஒளி மின்னியது. அடுத்தடுத்து இரண்டு வெடிப்புகள் கேட்டன. படகைத் திருப்பி விரைந்தவர்கள், மிதக்கும் சிதிலங்களைத் தவிர வேறொன்றும் இல்லாததைக் கண்டு கரைக்கே திரும்பினார்கள். கப்பலில் இருந்த ஏறத்தாழ 3,800 டன் வெடிபொருள் சில நொடிகளில் தீர்ந்துபோனது. புகை 7,000 அடி உயரம் எழுந்தது. கப்பல் நின்ற இடத்தில், கடலின் அடித்தளத்தில் 1,000 அடி நீளமும் 200 அடி அகலமும் 30 முதல் 40 அடி வரை ஆழமும் கொண்ட பள்ளம் விழுந்திருந்தது. அதில் கிடைத்த மிகப் பெரிய துண்டு 16 அடிக்கு 10 அடி அளவைத் தாண்டவில்லை. பல நூறு கஜங்களுக்கு அப்பால், சமிக்ஞைக் குறிப்பேடு ஒன்றின் கிழிந்த பக்கங்கள் சில மிதந்தன. கப்பலிலும் அதன் பக்கத்தில் சரக்கு மாற்றிக்கொண்டிருந்த படகுகளிலும் இருந்த ஏறத்தாழ 350 பேரில் ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. அருகில் நின்ற மிண்டனாவோ என்ற பழுதுபார்க்கும் கப்பலில் மேல்தளத்தில் இருந்த அனைவரும் மாண்டனர். அதில் மட்டும் 82 பேர் இறந்தனர்.

கேள்வி: ஜப்பானியரின் தாக்குதலா?

பதில்: அதற்குச் சான்று கிடைக்கவில்லை. காரணத்தைச் சொல்லக்கூடியவர் ஒருவரும் மிஞ்சாததால், விசாரணைக் குழு அந்தக் கப்பலில் வேலை நடந்த விதத்தைத்தான் ஆராய முடிந்தது. குண்டை வெடிக்கவைக்கும் ப்யூஸ்களையும் வெடிப்பைத் தூண்டும் டெட்டனேட்டர்களையும் சேர்த்து ஒரே கிடங்கில் வைத்தது, மருந்து சிந்திய உடைந்த ராக்கெட்டுகளை வைத்திருந்தது, பாதுகாப்பு விதிகளை எழுதி ஒட்டாதது, புகை பிடிப்பதைக் கண்டிப்பாகத் தடுக்காதது என்று பட்டியல் நீண்டது. முரட்டுத்தனமாகக் குண்டுகளைக் கையாண்டதே பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்றனர். நான்கு மாதப் பணி அனுபவம் மட்டுமே உள்ள கப்பலில், அவசர அவசரமாகக் குண்டு கேட்டு வரிசையில் நிற்கும் படகுகளுக்கு நடுவே, அந்த மாலுமிகளை மட்டும் குறை சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேள்வி: பகைவரால் அழிந்த குண்டுக் கப்பல்கள் உண்டா?

பதில்: உண்டு. 1944 டிசம்பர் 28 அன்று, பிலிப்பைன்சின் மிண்டோரோவுக்கு அருகே ஜான் பர்க் என்ற வணிகக் கப்பல் தற்கொலை விமானம் மோதி ஆள் ஒருவர் மிச்சமின்றி வெடித்தது. 1945 ஏப்ரல் 6 அன்று ஓக்கினாவாவை ஒட்டிய கெராமாத் தீவுகளில் லோகன் விக்டரி, ஹாப்ஸ் விக்டரி என்ற இரண்டும் அதே விதத்தில் அழிந்தன.

கேள்வி: 1944இல் பம்பாயில் வெடித்த கப்பலும் இதே வகையா?

பதில்: அல்ல. ஃபோர்ட் ஸ்டிகின் வணிகக் கப்பல். வெடிபொருளையும் பஞ்சுப் பொதிகளையும் ஒரே கப்பலில் ஏற்றியதுதான் வினை. ஏப்ரல் 14 அன்று பஞ்சில் பிடித்த தீ வெடிபொருளைத் தொட்டது. நெருப்பைப் பல மணி நேரம் கண்ணால் பார்த்துக்கொண்டே இழந்த கப்பல் அது. மவுண்ட் ஹூட்டில் அந்த அவகாசம்கூடக் கிடைக்கவில்லை.

கேள்வி: மவுண்ட் ஹூட் மாலுமிகளில் கரையில் இருந்தவர்கள் வேறு யாரேனும் பிழைத்தார்களா?

பதில்: வெடிப்பதற்குச் சற்று முன்னர் கப்பலை விட்டு வேறொரு சிறு குழுவும் கிளம்பியிருந்தது. சிலர் தபால் வாங்கப் போனவர்கள். இருவர் இராணுவ நீதிமன்ற விசாரணைக்காகத் கடற்படைத் தளத்தின் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள். அந்த இருவர் மீதான குற்றச்சாட்டுகள் பிறகு கைவிடப்பட்டன.