கிரியேட்டினின் 1.4: கிரியேட்டினை நிறுத்தணுமா?

தறிப்பட்டறை வேலைக்கும் ஜிம்முக்கும் போற நீங்க, தசைக்காகக் கிரியேட்டின் பவுடரைக் குவிச்சு ரெண்டு ஸ்கூப் எடுக்கறதாவும், ரத்த டெஸ்ட்ல கிரியேட்டினின் 1.4 வந்ததாவும் எழுதி, பவுடரை நிறுத்தணுமான்னு கேட்டிருக்கீங்க. அந்த 1.4-ஐ மட்டும் வெச்சு கிட்னி கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. கிரியேட்டின் உடைஞ்சு வர்ற கழிவுதான் கிரியேட்டினின்; பவுடர் எடுத்தா அந்த நம்பர் கொஞ்சம் ஏறும். அதோட முதல் நாள் சாயங்காலம் லெக் டே (ஜிம்முல கால் பயிற்சி), ராத்திரி பள்ளிபாளையம் சிக்கன், காலைல ரத்தம்னு எழுதியிருக்கீங்க. எல்லாம் சேர்ந்தே ஏத்தியிருக்கும். நாள் முழுக்கத் தறிப்பட்டறை சூட்டுல நின்னு தண்ணி குறைஞ்சாலும் ஏறுமுங்க.

1. ரெண்டு வாரம் பவுடரை நிறுத்துங்க. டெஸ்டுக்கு முன்னாடி 2 நாள் ஜிம்மும் கறியும் வேண்டாம்.

2. கிரியேட்டினினோட சிஸ்டாட்டின் சி (கிட்னியைப் பாக்கற இன்னொரு ரத்த டெஸ்ட்), யூரின் அல்புமின் (மூத்திரத்துல புரதம் கசியுதான்னு பாக்கறது) ரெண்டும் கேளுங்க. சிஸ்டாட்டின் சி-க்கும் இந்தப் பவுடருக்கும் சம்பந்தமில்லை, அதனால கிட்னியோட நிலைமை அதுல தெளிவாத் தெரியும்.

எல்லாம் நார்மல்னு டாக்டர் சொன்னா மறுபடி எடுக்கலாம். கிரியேட்டின் மோனோஹைட்ரேட்ங்கற வகை, ஒரு நாளைக்கு 3–5 கிராம். இப்ப நீங்க குவிச்சுப் போடற ரெண்டு ஸ்கூப் ரொம்ப அதிகம். ஸ்கூப் எத்தனை கிராம்னு டப்பாவுல பாத்து, தலைதட்டி அளங்க. ஆரம்பத்துல சில நாள் தினம் 20 கிராம் எடுக்கற ‘லோடிங்’ தேவையே இல்லை, வயித்தைக் கலக்கும்.

சுகர், பிரஷர், பழைய கிட்னி பிரச்சினை இருந்தாலோ, முட்டிவலிக்கு அடிக்கடி டைக்ளோஃபெனாக் போட்டாலோ, கால் வீங்கினாலோ, மூத்திரம் நுரைச்சாலோ ரெண்டு வாரமெல்லாம் காத்திருக்காதீங்க. பவுடரை நிறுத்திட்டு உடனே டாக்டரைப் பாருங்க.