கஞ்சிப்பாசி அகர் ஏன் கெட்டியாக உறையவில்லை? அகரோஸ் எடுக்க முடியுமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கத்தில் மகளிர் குழுவாக மூங்கில் மிதவையில் கஞ்சிப்பாசி என்ற கடற்பாசி வளர்க்கிறோம். காயவைத்து வியாபாரிக்குக் கொடுப்பது கட்டுப்படியாகவில்லை என்று நாங்களே வேகவைத்து, கூழாக உறையும் அகரை எடுத்துப் பார்த்தோம். பழுப்பாக, கொழகொழவென்று வந்தது. அகரிலிருந்து பிரித்தெடுக்கும் அகரோஸுக்குப் பல மடங்கு விலையாமே, அதை நாங்கள் எடுக்க முடியுமா?

பதில்: சகோதரி, நீங்கள் வேகவைத்ததில் தப்பில்லை, அதற்கு முந்தின ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது. கஞ்சிப்பாசியின் அகரில் சல்பேட் என்ற கந்தகக் கூறு அதிகம். அது ஒட்டியிருக்கும் வரை அகர் இழைகள் சரியாக முறுக்கிப் பின்னி வலையாகாது, அதனால்தான் கொழகொழப்பு. அகர் தரும் இன்னொரு கடற்பாசியான மரிக்கொழுந்துப் பாசியை வெறும் தண்ணீரில் வேகவைத்தாலே நன்றாக உறையும். கஞ்சிப்பாசிக்குக் காஸ்டிக் சோடா இல்லாமல் கதை நடக்காது.

மண், சிப்பி, ஒட்டுப்பாசி எல்லாம் போக நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்த பாசியை, லிட்டருக்கு 50 கிராம் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரில் முழுதாக மூழ்கும்படி போட்டு 80 முதல் 85 டிகிரி சூட்டில் 2 மணி நேரம் வையுங்கள், கொதிக்க விட வேண்டாம், விட்டால் அகரே கரைந்து சோடாத் தண்ணீரோடு போய்விடும். தண்ணீரில்தான் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றினால் தெறித்து முகத்தில் அடிக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். எவர்சில்வர் பாத்திரம் எடுங்கள், அலுமினியம் கூடவே கூடாது, சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். கழிவுத் தண்ணீரை அப்படியே கடலில் விடாதீர்கள், நாம் பிழைக்கும் கடல் அது.

அப்புறம் வழுவழுப்பு போகும்வரை நாலைந்து தண்ணீர் அலசி, கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு புளிப்பு அளக்கும் பிஎச் தாளில் 6க்கும் 7க்கும் நடுவில் கொண்டுவாருங்கள். புளிப்பு ஏறிவிட்டால் வேகும்போது அகர் இழை அறுந்து பழையபடி கொழகொழப்புதான். இந்தப் பாசியைப் புதுத் தண்ணீரில் ஒன்றரை முதல் 2 மணி நேரம் கொதிக்கவைத்து, சூடு ஆறும் முன் கெட்டித் துணியில் வடிகட்டுங்கள், 40 டிகிரிக்குக் கீழே வந்தால் துணியிலேயே உறைந்துவிடும்.

இனிதான் சுத்தம் செய்யும் இடம், இதில் அவசரப்படாதீர்கள். உறைந்த கூழில் அகர் சுமார் 1 சதவீதம்தான், 100 லிட்டர் கூழுக்கு ஒரு கிலோ, மிச்சமெல்லாம் தண்ணீர். அதை அடுப்பில் வற்றவைத்தால் விறகும் வீண், உப்பும் நிறமும் உள்ளேயே தங்கிவிடும். பட்டையாக வெட்டி ஐஸாக உறையவைத்து உருகவிட்டால் தண்ணீர் கழன்று ஓடும்போது உப்பையும் பழுப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஜப்பானில் 17ஆம் நூற்றாண்டிலிருந்து குளிர்கால இரவுப் பனியிலேயே இதைச் செய்தார்கள். நமக்கு அந்தக் குளிர் ஏது, உறைபதனப் பெட்டி வேண்டும். செலவில் பெரியது இதுதான்.

சரி, அகரோஸ். அகரில் இரண்டு பகுதி உண்டு: மின்சுமை இல்லாத அகரோஸ், சல்பேட் போன்ற சுமை தாங்கிய அகரோபெக்டின். ஆய்வுக்கூடத்தில் டிஎன்ஏவை மின்சாரம் பாய்ச்சிக் கூழுக்குள் ஓடவிட்டுப் பிரிப்பார்கள், கூழிலேயே சுமை இருந்தால் அதிலுள்ள தண்ணீரும் நகர்ந்து முடிவைக் கெடுக்கும். அதனால்தான் அந்த விலை. ஐசோபுரோபனால், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற வேதிப்பொருள்களைக் கொண்டு அகரோஸைப் பிரித்து, சல்பேட், சாம்பல், கூழ் வலிமை எல்லாம் அளந்து காட்டினால்தான் வாங்குவார்கள். குழு அளவில் இதில் பணம் போடாதீர்கள் என்றே சொல்வேன். கஞ்சிப்பாசி அதற்கு ஏற்ற பாசியும் இல்லை. மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் அகரோஸ் எடுத்தது மரிக்கொழுந்திலும், கஞ்சிப்பாசிக்கு உறவான கிராசிலேரியா டியூரா என்ற பாசியிலும்தான். மண்டபத்திலேயே அவர்களுக்கு நிலையம் இருக்கிறது, டியூரா நாற்றும் பயிற்சியும் கிடைக்குமா என்று நேரில் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று, பெப்சி பாசியும் (கப்பாபைகஸ்) வளர்த்தால் ஒரு தழைகூடக் கலக்காமல் பாருங்கள். அதில் வருவது கேரஜீனன் என்ற வேறு கூழ்ப்பொருள், அகர் இல்லை. முதலில் 1 கிலோ காய்ந்த பாசியில் மட்டும் செய்து பாருங்கள். கிடைத்த அகரில் ஒன்றரை கிராமை 100 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிட்டு விரலால் அழுத்தினால், கொஞ்சம் எதிர்த்து நின்று படக்கென்று உடைய வேண்டும். விரலோடு அமுங்கிப் போனால் சோடா வேலை போதவில்லை, அடுத்த முறை சோடாவை லிட்டருக்கு 60 கிராமாக ஏற்றிப் பாருங்கள்.