மூன்று பல்கலைக்கழகங்களுக்கு ஒரே களப்பயிற்சி: எங்கே தொடங்குவது?

கேள்வி: திருகோணமலை வளாகம், யாழ்ப்பாணம் மருத்துவ பீடம், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் மூன்றின் மாணவர்களையும் சேர்த்துப் பொதுச் சுகாதாரப் பயிற்சி நடத்த விரும்புகிறோம். நேரசூசியைப் பொருத்துவதிலேயே இரண்டு மாதம் போய்விட்டது. என்ன வழி? (விரிவுரையாளர், கோணேசபுரி)

பதில்: நேரசூசியை விட்டுவிடுங்கள். விரிவுரை அந்தந்த இடத்திலேயே நடக்கட்டும். களவேலையையும் படிவத்தையும் மட்டும் பொதுவாக்குங்கள். சித்த மருத்துவ மாணவரும் கணினி மாணவரும் மருத்துவ மாணவரும் ஒரே முற்றத்தில் நின்று ஒரே படிவத்தை நிரப்பும்போதுதான் ஒருவரிடம் ஒருவர் படிப்பார்கள்.

2 கிரெடிட் பாடமாக வையுங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 1 கிரெடிட் 50 கற்றல் மணித்தியாலம்; ஆக மொத்தம் 100. ஆயத்தத்துக்கு 15, களத்துக்கு 45, தரவுக்கும் அறிக்கைக்கும் 40 என்று பிரிக்கலாம். புள்ளியை யார் இடுவது, எந்தப் பாடக் குறியீட்டில் பதிவது என்பதை மூன்று பல்கலைக்கழகங்களின் மூதவைகளும் (செனட்) முதலிலேயே எழுத்தில் ஏற்க வேண்டும். உடன்படிக்கையில் கையொப்பமிட்ட பின் இதைப் பேசலாம் என்று தள்ளினால், மாணவரின் உழைப்பு பெறுபேற்றுத் தாளில் ஏறாது.

அடுத்தது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. எந்தக் கிராம சேவகர் பிரிவு என்பதை அவர்களே சொல்லட்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூட வராமல் வீட்டுக்குள் நுழையக் கூடாது. தரவை ஆய்வுக் கட்டுரையாக்கும் எண்ணமிருந்தால், ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி களத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்; பின்திகதியிட்டு வாங்க முடியாது.

முதல் களவேலைக்கு டெங்கு நுளம்புக் கணக்கெடுப்பு நல்லது. 2017இல் டெங்குப் பரவலால் கிண்ணியா பட்ட பாடு இங்கு யாருக்கும் மறக்கவில்லை. வடகீழ்ப் பருவமழைக்கு முன் செப்டெம்பரில் ஒரு சுற்று, மழை விட்டு விட்டுப் பெய்யும்போது அதே வீடுகளில் இன்னொரு சுற்று. நால்வர் கொண்ட குழு, காலையில் 12 வீடு. அதற்கு மேல் போனால் கூரைப் பீலியையும் குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டையும் பார்க்காமல் விடுவார்கள். பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகள் உண்டு, ஆகவே ஒவ்வொரு குழுவிலும் மாணவி ஒருவராவது வேண்டும். ஜும்ஆத் தொழுகை நேரமான வெள்ளி நண்பகலைத் தவிருங்கள்.

பிழை அதிகம் வருவது கணக்கில். 50 கதவு தட்டி 10 பூட்டியிருந்தால் பார்த்தது 40 வீடுதான். 6 வீடுகளில் 9 பாத்திரங்களில் குடம்பி (நுளம்புப் புழு) இருந்தால் வீட்டுச் சுட்டி (பார்த்த 100 வீட்டுக்குக் குடம்பியுள்ள வீடுகள்) 15, பிரெட்டோ சுட்டி (பார்த்த 100 வீட்டுக்குக் குடம்பியுள்ள பாத்திரங்கள்) 22.5. ஐம்பதால் வகுத்தால் 12, 18 என்று குறைந்து, ஆபத்தும் குறைவாகத் தெரியும். தண்ணீர் நிற்கிறது என்பதற்காகவே 'ஆம்' என்று அடையாளமிடுவது எதிர்த்திசைப் பிழை. குடம்பியைக் கண்ணால் கண்டால் மட்டுமே 'ஆம்'.

முடிவை அன்று மாலையே பரிசோதகரிடம் கொடுங்கள், அறிக்கை முடியும்வரை நுளம்பு காத்திருக்காது. குடம்பியுள்ள பாத்திரத்தை முதலில் பதிந்து, வீட்டுக்காரருக்குக் காட்டி, அதன் பிறகே கொட்டச் சொல்லுங்கள். கொட்டுவது காய்ந்த மண்ணில். கானில் ஊற்றினால் அங்கே தேங்கும் நீரில் குடம்பி பிழைத்துக்கொள்ளும்.